வளையம் வளையமாக ஒரு மரக்கிண்ணம்

வாய் அகலம் 40 செ.மீ., உயரம் 16 செ.மீ. இந்த அளவில் ஒரு மரக்கிண்ணத்தை ஒரே கட்டையிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். கட்டையின் கன அளவு மட்டும் 20 லிட்டர் வரும். பச்சை மரமாக இருந்தால் அதைத் தூக்கி லேத்தில் மாட்டவே இன்னொரு ஆள் வேண்டும். கடைந்து முடித்த கிண்ணமோ ஒரு கிலோ சொச்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் தரையில் சீவலாகக் கிடக்கும். மரம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய கட்டை வெடிக்காமல் காய்வதுதான் அபூர்வம். அதனால் கடைசல்காரர்கள் அதைப் பச்சையாகவே ஒருமுறை தடியாகக் கடைந்துவிடுவார்கள். சுவர்த் தடிமனை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விடுவது வழக்கம். அப்புறம் மாதக்கணக்கில் காயவிட்டு, கோணிப்போனதை மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்குவார்கள். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமானுக்குச் சின்னக் கட்டையே போதும்.

பெரிய கிண்ணத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. நன்றாகக் காய்ந்த 2 செ.மீ. பலகையைச் சின்னத் துண்டுகளாகச் சாய்வாக அறுத்து, வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பிசின் போட்டு, அதன்பிறகு கடைவது. மேலே சொன்ன அளவுக்கு அடித்தட்டு போக 7 வளையங்கள் வேண்டும். வளையத்துக்கு 24 துண்டு என்றால் மொத்தம் 168. அமெரிக்காவில் இந்த முறைக்குப் பெரிய கூட்டமே உண்டு. அங்கே 1986-இல் தொடங்கிய மரக்கடைசலாளர் சங்கத்தில் இதற்கென்றே தனிக் கிளை இயங்குகிறது. ரே ஆலன் போன்றவர்கள் அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடி மட்பாண்டக் கோலங்களை மேப்பிளிலும் வால்நட்டிலும் துண்டு துண்டாகக் கோத்துக் காட்டினார்கள். பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோலம்தான். எனக்கு அதைவிட அடியில் இருக்கும் கணக்கு பிடிக்கும். மரம் எந்தப் பக்கம் அசையும், அந்த அசைவை எங்கே கொண்டுபோய் விட்டால் சேதம் குறையும் என்கிற கணக்கு அது.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் குழாயின் நீளத்தை ஒட்டியே ஓடுகின்றன. காற்றிலிருந்து வரும் ஈரம் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் தள்ளும். நீளவாக்கில் தள்ள அதற்கு வழியில்லை. அதனால் மரம் குறுக்கே உப்பும், குறுக்கே சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காயும்வரை, அமெரிக்க ஹார்டு மேப்பிள் ஆண்டு வளையங்களின் போக்கில் 9.9%, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் 4.8% சுருங்குகிறது. நம் தேக்கு அமைதியானது. அதற்கு இதே அளவுகள் 5.8%, 2.5%. நீளத்தில் எந்தச் சாதாரண மரமானாலும் சுமார் 0.1 முதல் 0.2% தான்.

ஒரே கட்டையில் கடைந்த கிண்ணம் ஏன் வட்டமாக நிற்பதில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். நார், அதாவது அந்த நுண்குழாய்களின் போக்கு, கிண்ணத்தின் குறுக்கே ஒரு திசையில் ஓடுகிறது. அந்தத் திசையில் 40 செ.மீ. 40 ஆகவே இருக்கும். அதற்குச் செங்குத்தாக 38-க்கும் கீழே போகலாம். கிண்ணம் முட்டை வடிவமாகிவிடும். காய்ந்து முடிந்தாலும் கதை முடிவதில்லை. வீட்டுக்குள் மரத்தின் ஈரப்பதம் பருவத்துக்கு ஏற்ப, உதாரணமாக 6 முதல் 12% வரை, ஏறி இறங்கினால் மேப்பிள் அகலவாக்கில் 2% அளவுக்கு வருடா வருடம் உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெயோ வார்னிஷோ பூசினால் ஈரம் போய்வரும் வேகம் குறையும். போக்குவரத்து நிற்காது.

வளையக் கிண்ணத்தில் ஒவ்வொரு துண்டின் நாரும் வட்டத்தைச் சுற்றியே ஓடுகிறது. சுற்றளவுத் திசையில் மரம் அசையாது என்பதால் விட்டம் எந்தப் பக்கமும் மாறாது. அசைவெல்லாம் இரண்டு இடங்களுக்குப் போய்விடுகிறது: சுவரின் தடிமன், கிண்ணத்தின் உயரம். தடிமன் 7 மி.மீ. இருந்தால் அதில் 2% என்பது 0.14 மி.மீ. யாருக்கும் தெரியாது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு சரிவகம். வெளிப்பக்கம் நீளம், உட்பக்கம் குட்டை. இந்த இரண்டு நீளமும் நார்த்திசையில் இருப்பதால் மாறுவதில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அகலம் மட்டும் 2% குறைகிறது. அப்படியானால் சாய்வெட்டின் கோணம் மாறித்தானே ஆக வேண்டும்? நாலு துண்டு மரச் சட்டம் போட்ட பழைய படங்களில் மூலைகள் உட்புறமாக வாய் பிளந்து நிற்பது இதனால்தான். 45 டிகிரி வெட்டில் 2% சுருக்கம் மூலைக்கு 1.15 டிகிரி பிளவைத் தரும். சட்டம் 6 செ.மீ. அகலம் என்றால் சாய்வெட்டின் நீளம் 8.5 செ.மீ.; உள்மூலையில் 1.7 மி.மீ. இடைவெளி, தூரத்திலிருந்தே தெரியும்.

24 துண்டு வளையத்தில் மொத்தக் கோண மாற்றம் குறைவதில்லை. நாலு துண்டுச் சட்டத்தில் கூட்டினால் 4.6 டிகிரி, 24 துண்டில் சுமார் 7 டிகிரி. கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்த 7 டிகிரியை 24 மூட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மூட்டுக்கு 0.3 டிகிரி. சுவர் 7 மி.மீ. என்றால் ஒரு மூட்டில் திறக்கப் பார்க்கும் இடைவெளி 0.04 மி.மீ., தலைமுடித் தடிமனில் பாதி. இந்த அளவைப் பிசினும் மரத்தின் நெகிழ்வும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். அதே வளையத்தை 3 செ.மீ. தடிமனாக விட்டுவைத்தால் இடைவெளி நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகும், மரமும் விறைப்பாக நின்று மூட்டைப் பிளக்கும். மெல்லிய சுவர் அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயுளுக்கும்தான்.

அப்படியென்றால் துண்டுகளை இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். வெட்டும் இடத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 24 துண்டுக்கு ஒவ்வொரு முனையும் 7.5 டிகிரி சாய்வு. வளையத்துக்கு 48 வெட்டுகள். ரம்பத்தின் கோணம் 0.1 டிகிரி பிசகினால், கண்ணுக்கே தெரியாத அந்தப் பிசகு 48 முறை கூடி 4.8 டிகிரி ஆகும். 40 செ.மீ. வளையத்தின் கடைசி மூட்டில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வாய் திறந்து நிற்கும். கோணமானியை இன்னும் கூர்ந்து பார்ப்பதால் இது தீராது. தீர்த்தவர்கள் பிசகே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். மரத்தை ரம்பத்துக்குத் தள்ளிக்கொண்டுபோக, ஜெர்ரி பென்னட் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய தள்ளுபலகை ஒன்று உண்டு. அதில் இரண்டு தடுப்புச் சட்டங்கள் இருக்கும், அவற்றுக்கு நடுவே துல்லியமான 15 டிகிரி ஆப்பு ஒன்றை வைத்து இறுக்குவார்கள். துண்டின் ஒரு முனையை முதல் தடுப்பில் சாய்த்து வெட்டி, மறுமுனையை இரண்டாவது தடுப்பில் சாய்த்து வெட்ட வேண்டும். ரம்பத்தோடு ஒப்பிட்டால் பலகை சற்றுக் கோணலாக இருக்கலாம். ஒரு முனை 7.6 ஆனால் மறுமுனை தானாகவே 7.4 ஆகிவிடும். கூட்டினால் 15.

பழைய வழி இன்னும் எளியது, இன்றும் பலர் செய்கிறார்கள். வளையத்தை இரண்டு அரைவளையங்களாக மட்டும் ஒட்டுவார்கள். சேர்ந்திருந்த பிசகெல்லாம் எதிரெதிரே உள்ள இரண்டு மூட்டுகளில் வந்து நிற்கும். அரைவளையத்தின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் சாண்டிங் டிஸ்கில் தேய்த்து ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், சேர்க்கும்போது முழுவளையம் மூடிக்கொள்ளும்.

நீளத்தில் கண்டிப்பு வேறு மாதிரி. 40 செ.மீ. வளையத்தில் 24 துண்டு என்றால் ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் 52.7 மி.மீ. எல்லாத் துண்டும் அரை மி.மீ. நீளமாகப் போனால் வளையம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். ஒரே ஒரு துண்டு மட்டும் அப்படிப் போனால் அதன் எதிர்ப்பக்கத்து மூட்டுகள் பொருந்தாது. ஆகவே அளவு சரியாக இருப்பதைவிட, எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக்கட்டை வைத்து, துண்டை அதில் முட்டவைத்து வெட்டுவது இதற்காகத்தான். வெட்டி முடித்ததும் முனையில் தொங்கும் சிம்புகளை உப்புத்தாளில் லேசாகத் தட்டிவிட வேண்டும். ஒரு சிம்பு நடுவில் மாட்டிக்கொண்டாலும் மூட்டு உட்காராது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் வகைப் பிசினே போதும். ஆனால் 7.5 டிகிரி சாய்வு என்பது நாரை ஏறக்குறைய நேர்க்குறுக்காக அறுப்பது. அந்த முகத்தில் குழாய்களின் திறந்த வாய்கள்தான் இருக்கும்; பூசிய பிசினைக் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிவிடும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, அது உள்ளே இறங்கியதும் மறுபடி பூசிச் சேர்ப்பது நல்லது. பிறகு சுற்றிலும் ஒரு ஹோஸ் கிளாம்ப். இந்தச் சாதாரணப் பட்டையின் இயற்பியல் அழகானது. திருகாணியை ஓரிடத்தில் முடுக்கினாலும், பட்டையின் இழுவிசை சுற்றெங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், 24 மூட்டுகளும் ஒரே விசையில் நெருங்கும்.

இவ்வளவு செய்தாலும், நாரின் வெட்டுமுனைகள் சேரும் இந்த நார்முனை மூட்டு, மரத்தின் நீளவாக்கு வலுவுக்குப் பக்கத்தில் வராது. கிண்ணத்தின் உண்மையான பலம் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவேதான் இருக்கிறது. அங்கே நார் நாரோடு பக்கவாட்டில் ஒட்டுகிறது, அகலமான பரப்பும் கிடைக்கிறது. அதனால் கீழ்வளையத்து மூட்டின் மேல் மேல்வளையத்துத் துண்டின் நட்டநடு வந்து உட்காரும்படி அரைத்துண்டு தள்ளி அடுக்க வேண்டும். செங்கல் சுவர் எழுப்புகிற கொத்தனாருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒட்டும் முகங்கள் தட்டையாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நல்ல உபாயம் உண்டு. வளையத்தின் முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளால் லேத்திலேயே தேயுங்கள். கடைசிக் கிறுக்கலும் மறையும்போது பள்ளம் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இனி கடைசல். 40 செ.மீ. கிண்ணம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் விளிம்பு மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கேட்பதற்குப் பெரிய வேகம் இல்லை. ஆனால் விளிம்பில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 56 மடங்கு. 50 கிராம் துண்டு ஒன்று சுமார் 2.8 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவே வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கைக்கணக்கு. 16 அங்குலத்துக்கு 375 முதல் 560 வரை ஆகிறது. பிசின் மூட்டுகள் நிறைந்த கிண்ணத்துக்குக் கீழ்க்கணக்கே உத்தமம். முகத்தை முழுக்க மறைக்கும் கவசம் இல்லாமல் லேத்தின் சுவிட்சைத் தொடவே கூடாது.

நகவுளி மரத்தில் பட்டதும் இந்த முறையின் இன்னொரு லாபம் கைக்குத் தெரியும். ஒரே கட்டையில் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் உளி நார்முனையைச் சந்திக்கும், அங்கே நார் பிய்ந்து சொரசொரப்பாகும். வளையக் கிண்ணத்தில் நார் எங்கும் உளியின் போக்கிலேயே கிடக்கிறது. முழுக்க என்று சொல்ல முடியாது. துண்டின் நார் நேர்கோடு, கிண்ணமோ வட்டம். ஆகவே துண்டின் ஒரு பாதியில் நாரோடு ஓடும் உளி, மறுபாதியில் சற்றே எதிர்த்து ஓடும். 12 துண்டில் அந்த எதிர்ப்பு 15 டிகிரி வரை போகும், 24 துண்டில் 7.5-க்குள் அடங்கும்.

இந்தக் கிண்ணங்கள் வெடிக்கும் இடம் பெரும்பாலும் அடித்தட்டுதான். வளையம் சுற்றளவில் அசையாது. நடுவே ஒட்டிய 10 செ.மீ. ஒற்றைப்பலகைத் தட்டோ அகலத்தில் 2 மி.மீ. விரிந்து சுருங்கும். இறுக ஒட்டியிருந்தால் ஒன்று தட்டே பிளக்கும், அல்லது அது வளையத்தைப் பிளக்கும். தட்டைச் சிறிதாக வைப்பது ஒரு தீர்வு. வளையத்தின் உட்புறம் காடி வெட்டி, தட்டைப் பிசின் போடாமல் அதில் மிதக்கவிடுவது அதைவிட நல்லது. அலங்கார வளையம் ஒன்றில் மட்டும் நாரைச் செங்குத்தாக நிறுத்தினாலும் இதே வம்புதான். மேலும் கீழும் உள்ள வளையங்கள் நிற்க, அது மட்டும் சுற்றளவில் அசையப் பார்க்கும்.

மரத்தேர்விலும் சில சங்கடங்கள் உண்டு. தேக்கின் எண்ணெய்ப் பசை பிசினை ஒட்டவிடாது, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைக்க வேண்டும். பாடாக் என்ற சிவப்பு மரத்தின் துண்டை வெள்ளை மேப்பிளுக்குப் பக்கத்தில் வைத்து உப்புத்தாள் போட்டால் சிவப்புத் தூள் மேப்பிளின் துளைகளில் ஏறி அழுக்குப்போல் நின்றுவிடும்; அங்கே சுரண்டி வழவழப்பாக்குவதே மேல். மாதங்கள் கழித்து மூட்டின் மேல் நகத்தை ஓட்டினால் மெல்லிய வரப்பு ஒன்று தட்டுப்படலாம். இந்த வகைப் பிசின் காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும். மரம் சுருங்கும்போது அது வெளியே பிதுங்கி நிற்கிறது.

கோணச் சிக்கலை வேரோடு பிடுங்கிய முறை ஒன்றும் இருக்கிறது. துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டாமல் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கீழ்வளையத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டே போவார்கள். நார்முனை மூட்டே இல்லாததால் சாய்வெட்டின் கோணம் பருவத்துக்குப் பருவம் மாறினாலும் பிளக்க எதுவும் இல்லை. பலம் முழுக்க வளையங்களுக்கு நடுவிலுள்ள ஒட்டுப்பரப்பில் நிற்கிறது. இதைக் கடைவது காதுக்கே வித்தியாசமாக இருக்கும். 500 சுற்றில் உளி ஒவ்வொரு நொடியும் 200 இடைவெளிகளைத் தாண்டுவதால் டக்டக் என்ற தட்டல் கேட்காது, தொடர்ந்த ரீங்காரமாகவே கேட்கும். உட்புறத்தை வழவழப்பாக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு துளையின் நாலு விளிம்பையும் கையால்தான் தேய்த்தாக வேண்டும்.