எலெக்ட்ரிசிட்டி டூட்டி: தமிழில் மின்தீர்வை

மும்பையிலோ கொச்சியிலோ குடியிருப்பவர்கள் கரண்ட் பில்லை ஒருமுறை கடைசிவரை படித்துப் பாருங்கள். ஓடிய யூனிட்டுக்கான கட்டணம், நிலைக் கட்டணம் எல்லாம் தாண்டி ‘எலெக்ட்ரிசிட்டி டூட்டி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். பலரும் அதையும் மின்கட்டணம் என்றே நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது கட்டணம் இல்லை, மாநில அரசுக்குப் போகும் வரி.

‘டூட்டி’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் லத்தீன், ‘கடன்பட்டிருத்தல்’ என்று பொருள். நாம் ‘டூட்டிக்குப் போகிறேன்’ என்கிறோமே, அந்த டூட்டியும் இதேதான்: செய்ய வேண்டிய கடன் வேலை, செலுத்த வேண்டிய கடன் வரி.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், ‘தீர்வை’ இருக்கிறது. கடனைத் தீர்க்கிறோம் அல்லவா, அந்தத் ‘தீர்’தான் வேர். ஆயத்தீர்வை, முத்திரைத்தீர்வை என்று அரசுத் தமிழில் வெகுநாளாகப் புழங்குகிறது. கிராமக் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, அதாவது வரி விதிக்கப்பட்ட தரிசு, என்று நிலத்தையே வகைப்படுத்தி எழுதுவார்கள். ஆகவே மின்தீர்வை. வீட்டுப் பேச்சில் மின்வரி என்றாலும் சரி, மின்கட்டணம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இந்த வரி நமக்குப் புதிதில்லை. சென்னை மாகாணத்தில் 1939லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, அதன் பெயரில் ‘டூட்டி’ என்றே இருந்தது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் அது ‘டாக்ஸ்’ ஆகிவிட்டது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியலில் 53ஆவது இனம், மின்சார நுகர்வுக்கும் விற்பனைக்கும் வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறுகிறது: வீடுகளுக்குக் கேரளத்தில் 10 சதவீதம், கர்நாடகத்தில் 9, மகாராஷ்டிரத்தில் 16.

இந்தச் சதவீதத்தில்தான் குடும்பங்களுக்கு அடி விழுகிறது. 1,500 ரூபாய் மின்கட்டணத்துக்கு 16 சதவீத வரி என்றால் 240 ரூபாய். மின்கட்டணம் ஏறி அதே வீட்டுக்கு 1,800 ரூபாய் வந்தால், வரி 288. வரி விகிதத்தை யாரும் தொடவில்லை, சட்டமன்றத்தில் பேச்சே இல்லை, ஆனால் நம் கையிலிருந்து கூடுதலாக 48 ரூபாய் வரியாகப் போகிறது. கட்டண உயர்வு என்றால் செய்தியாவது வருகிறது, கூடவே ஏறும் இந்த வரியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சித்திரை வெயிலில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மின்விசிறியை நிறுத்தி மிச்சம் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள். சம்பளம் ஏறாத வீட்டுக்கு அந்த 48 ரூபாய் ஒரு நாள் பால் செலவு.

அடுத்த பில் வந்ததும் கட்டணம் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். ‘கரண்ட் பில் கூடிவிட்டது’ என்று முறையிடப் போகும்போது எது கூடியது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்: வரி விகிதம் என்றால் மாநில அரசு, கட்டணம் என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.