பாரிசவாயு, பக்கவாதம், மூளைத்தாக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் 'பாரிசவாயு' என்பார்கள். 'ஒரு பக்கம் இழுத்துக்கிருச்சு' என்றாலும் அதுதான். பாரிசம் வடமொழிப் 'பார்சுவ'த்திலிருந்து வந்தது. உடம்பின் ஒரு பக்கம் என்று பொருள். வாயு என்பது காற்று. பக்கவாதத்திலும் அதே கட்டுமானம், வாயுவின் இடத்தில் வாதம். வாதத்துக்குத் தமிழ் 'வளி'. குறளில் அப்படித்தான் வருகிறது. இதன் ஆங்கிலப் பெயரான ஸ்ட்ரோக் என்றால் அடி. வடமொழியில் இதே நோய்க்கு உள்ள 'பட்சாகாதம்' என்ற பெயரிலும் ஆகாதம் அடியைத்தான் குறிக்கிறது.

பழைய பெயர்கள் விழுந்த கை காலைச் சொல்கின்றன. அடிபட்டதோ மூளை. ரத்தக்குழாய் அடைபட்டு (பெரும்பாலும் இதுதான்) அல்லது வெடித்து, மூளையின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. சிலருக்குக் கை கால் நன்றாகவே இருக்கும். பேச்சு மட்டும் குழறும், பாதிப் பார்வை போகும், தலை சுற்றித் தள்ளாடும். இவர்களைப் பக்கவாதம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. அதனால் நோய்க்கு 'மூளைத்தாக்கு' என்பதே பொருத்தம். அந்த நோயால் ஒரு பக்கம் செயலிழப்பதற்கு மட்டும் பக்கவாதம் என்ற பெயர் இருக்கட்டும்.

வாயு என்றதும் ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக (நிமோனியா) முற்றும். வாயில் எதுவும் கொடுக்காமல், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். அடைப்பா கசிவா என்று அது காட்டினால்தான் மருந்து. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. புறா ரத்தம் தேய்க்கும் இடத்துக்கு அலைந்தால் அந்த நேரம் அங்கேயே போய்விடும்.

வீடு திரும்பிய பிறகும் எண்ணெய் தேய்ப்பதையே மலைபோல் நம்புவார்கள். தேய்த்தால் இதமாக இருக்கும், அசைவு வராது. டம்ளரை எடுத்து வைப்பது, எழுந்து உட்காருவது என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை மறுபடி கற்கிறது. முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் நின்றுவிடாது. இதற்கான இயன்முறைப் பயிற்சி, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பக்கவாதம் வந்த ஆச்சியைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள்மூட்டு கிண்ணத்திலிருந்து இறங்கிவிடும். அந்த வலிக்குப் பயந்தே பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கையில் அந்தக் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். சட்டை, ரவிக்கை போடும்போது முடங்கிய கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பையும் யோசிக்க வேண்டும். ஈரம் பட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி, கட்டுக்குக் கட்டு (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும்) உயர்ந்த நிலைப்படி, பின்கட்டில் கழிவறை என்று எல்லாமே தடைதான். ஆச்சியின் கட்டிலைக் கழிவறைக்கு அருகே மாற்றி, நல்ல கைப்பக்கம் சுவரில் கைப்பிடி அடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது முடங்கிய கால் முன்னே. உடன் செல்பவர் முடங்கிய பக்கம், ஏறும்போது ஒரு படி பின்னே, இறங்கும்போது ஒரு படி முன்னே நிற்க வேண்டும்.