உங்கள் சாட் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

"சார், ஃப்ரெண்டுக்கு ஹலோ போட்டேன். ரூட்னு யாரோ ஒருத்தர், அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு பதில் போடறார். என் சாட்டுக்குள்ள இவர் எப்படி வந்தார்?"

பல அரட்டைச் சேவைகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் பிட்ல்பீ என்ற நிரலை யாருக்கு அமைத்துக் கொடுத்தாலும் முதல் நாள் வருகிற கேள்வி இது. ரூட் ஆள் இல்லை, அந்த நிரலேதான் என்று சொன்னதும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சர்வர் நிர்வாகியாக எனக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது. ரூட் யார் என்று கேட்டவர், அடுத்த நிமிடமே அதே ரூட்டிடம் தன் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுப்பார். அதை யார் வைத்துக்கொள்வார்கள், எங்கே வைப்பார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்.

பிட்ல்பீ ஒரு கேட்வே, அதாவது இரண்டு வலைகளுக்கு நடுவில் நிற்கும் வாசல். அது என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஆர்சி 1988இல் பிறந்த பழைய அரட்டை நெறிமுறை. வெறும் எழுத்து, லேசான நிரல். பழகியவர்கள் விட மாட்டார்கள். பிட்ல்பீ தன்னை ஓர் ஐஆர்சி சர்வர் போலக் காட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்தால் ஒரு கட்டுப்பாட்டு அறை. அதில் ஜாபர் என்ற அரட்டைச் சேவையில் உள்ள உங்கள் நண்பர்களும் மற்றச் சேவைகளின் நண்பர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் அந்தந்தச் சேவைக்குள் உங்கள் பெயரில் நுழைவது பிட்ல்பீதான். உங்கள் பெயரில் நுழைய உங்கள் சாவி வேண்டும். ஆக, கேட்வே வெறும் வழிப்போக்கன் இல்லை. வீட்டுச் சாவியை வைத்திருக்கும் ஆள்.

அந்தச் சாவியை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் முதல் ஓட்டை. கணக்கைச் சேர்க்கும் கட்டளையில் சேவையின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் ஒரே வரியில் அடிக்கலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் அடிக்கிறார்கள். பலர் தங்கள் ஐஆர்சி செயலியில் உரையாடல்களைச் சேமிக்கும் லாக் வசதியையும் போட்டு வைத்திருப்பார்கள். ஒருமுறை பலர் பயன்படுத்தும் ஒரு கணினியில் வட்டு நிரம்பிவிட்டது என்று பழைய கோப்புகளைத் துழாவினேன். ஒரு சக ஊழியரின் லாக் கோப்பு கிடைத்தது. நாலாவது வரியில் அவருடைய பாஸ்வேர்ட், முழு எழுத்தில். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருந்த யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அனுமதி. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் ரூட்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?" என்றார், பாவம்.

இதற்கு வழி நிரலிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் சேர்த்தால், ஓபர் கட்டளை வழியாக அதைக் கொடுக்கச் சொல்லும். அந்த வழியில் அடிப்பது அறை உரையாடலில் விழாது, லாகிலும் ஏறாது. ஓஆத் முறை இருக்கும் சேவைகளில் இன்னும் நல்லது: பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓர் அனுமதிச் சீட்டைத்தான் கொடுக்கிறோம், வேண்டாம் என்றால் சேவையின் பக்கத்திலேயே ரத்து செய்துவிடலாம்.

அடுத்த கேள்வி, "இது ஓப்பன் சோர்ஸ்தானே, அப்புறம் என்ன பயம்?" மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது உண்மை. ஆனால் நீங்கள் இணையும் சர்வரில் ஓடுவது அதே நிரல்தான் என்பதற்கு யார் சாட்சி? நடத்துகிறவர் இரண்டு வரி மாற்றி எழுதினால் போதும், வருகிற பாஸ்வேர்ட் எல்லாம் அவர் கையில். முன்பின் தெரியாதவர் இலவசமாக நடத்தும் பொதுச் சர்வரில் முக்கியமான கணக்கை இணைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய சர்வருக்குள் புகுந்தவன் நல்லவனாக இருக்க வேண்டுமே. திறந்த நிரலிலும் ஓட்டை வரும். 2008இல் பிட்ல்பீயில் மற்றவர் கணக்கைப் பறித்துக்கொள்ள வழிவிடும் கோளாறு தெரியவந்து, அடுத்தடுத்த பதிப்புகளில் அடைத்தார்கள். நிறுவியதோடு மறந்துவிட்டு வருடக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களைத்தான் இதெல்லாம் பதம் பார்க்கும்.

சொந்தச் சர்வரில் வைத்தாலும் உங்களுக்கும் கேட்வேக்கும் இடையிலான தூரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சேவையோடு கேட்வே பெரும்பாலும் மறையாக்கத்தில் பேசும். உங்கள் பக்கம் வழக்கமான 6667ஆம் போர்ட்டில் வருவது வெறும் எழுத்து, வழியில் யாரும் படிக்கலாம். உங்கள் கணினியிலேயே ஓடினால், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைத்துவிடுங்கள், கதை முடிந்தது. வேறு இடத்தில் ஓடினால், இணைப்பை மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்ஹெச் சுரங்கமோ எஸ்டனலோ கட்டாயம். இதைச் செய்யாமல் பொது வைஃபையில் உட்கார்ந்து இணைப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நாங்கள் முனைக்கு முனை மறையாக்கம் போட்டிருக்கிறோம்" என்பார்கள் சிலர். முனை எது என்று கேட்டால் பதில் வராது. பிட்ல்பீயில் செய்திகளை மறையாக்கம் செய்யும் ஓடிஆர் வசதியைப் போட்டால் அதன் சாவிகள் கேட்வே இருக்கும் சர்வரில்தான் இருக்கும். செய்தி அங்கேயே பிரிக்கப்பட்டு, அங்கிருந்து உங்களுக்குச் சாதாரண எழுத்தாகக் கிளம்பும். ஆக, ஒரு முனை உங்கள் மேசை இல்லை, அந்தச் சர்வர். மேட்ரிக்ஸ் போன்ற புதிய அரட்டை வலைகளை மற்றச் சேவைகளோடு இணைக்கும் பாலங்களுக்கும் இதே கதைதான்: ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்ற வேண்டுமானால் நடுவில் இருப்பவர் படித்தாக வேண்டும். இன்னொன்று, உங்களோடு பேசுபவருக்கு நீங்கள் கேட்வே வழியாக வருவது தெரியாமல் இருக்கலாம். அவருடைய ரகசியமும் அதில் போகிறது என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

மறந்துபோன பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பிட்ல்பீயில் பதிவு செய்யும்போது கொடுக்கும் தலைமைப் பாஸ்வேர்டைக் கொண்டுதான் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டுக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. அதை மறந்தால் நிர்வாகியாலும் மீட்டுத் தர முடியாது. பழைய கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எரிச்சலாக இருக்கும், ஆனால் இது உங்கள் நன்மைக்கே. கோப்பு திருடுபோனாலும் திருடியவனுக்குச் சிரமம். கவனியுங்கள், சிரமம் என்றுதான் சொன்னேன். தலைமைப் பாஸ்வேர்ட் உங்கள் பிறந்தநாளாக இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை.

ஒரு சின்ன அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் பெயர் குறிப்பிடாமல் எதையாவது தட்டினால் அது ரூட்டுக்குப் போகும். நீங்கள் கடைசியாக யாரிடம் பேசினீர்களோ அவருக்குப் போகும்படியும் மாற்றலாம். வசதிதான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மாற்றிவைத்திருந்தார். மேலாளரைப் பற்றி நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தவர், நடுவில் மேலாளருக்கே ஒரு வரி பதில் அனுப்பினார், பிறகு புலம்பலைத் தொடர்ந்தார். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் அந்த அமைப்பை மாற்றித் தருவதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் கேட்பது வேறு. "நீளமாக எழுதினால் செய்தி துண்டாகிறது, ஓரத்தில் கேள்விக்குறி வருகிறது." ஐஆர்சியில் ஒரு வரிக்கு 512 பைட்தான் எல்லை, முகவரி முதலான தலைப்புச் சங்கதிகளும் அதற்குள்ளேயே. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். "வணக்கம்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறி, 21 பைட். அதனால் சீக்கிரமே வரி நிரம்பிவிடும். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் கேள்விக்குறியோ கட்டமோ வரும். சின்னச் சின்ன வாக்கியமாக அனுப்புங்கள், இரு பக்கமும் யூடிஎஃப்-8தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களின் பெயர் விசித்திரமாக வந்தால் ரீநேம் கட்டளையால் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம்.

"பழைய கணக்கு இணையவே மாட்டேன் என்கிறது, கேட்வே கெட்டுவிட்டதா?" இல்லை, அந்தப் பக்கமே ஆள் இல்லை. எய்ம் 2017 டிசம்பரிலும் யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும் ஐசிக்யூ 2024 ஜூனிலும் மூடப்பட்டன. செத்த சேவையின் கணக்கு என்று அலட்சியமாக விடவும் கூடாது. அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! முதலில் கணக்கை ஆஃப் செய்துவிட்டு, பிறகு நீக்குங்கள். ஆன் நிலையில் நீக்க விடாது. கேட்வேயே வேண்டாம் என்றால் டிராப் கட்டளை உங்கள் பதிவை மொத்தமாக அழித்துவிடும்.

ஆனால் டிராப் கட்டளை காப்புப் பிரதிகளைத் தொடாது. இதை எழுத உட்கார்வதற்கு முன் என்னுடையதை ஒருமுறை பார்த்தேன். வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமான ஒருவரின் கோப்பு அப்படியே இருந்தது. அழித்துவிட்டு, பழைய பாஸ்வேர்டுகளை மாற்றிவிடச் சொல்லி அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.