அலர்ட்: எச்சரிக்கையா, விழிப்பூட்டலா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கச் சென்ற என் அண்ணன் மகள், சேர்ந்த முதல் வாரத்தில் தன் தாயிடம் தொலைபேசியில் பேசும்போது, "யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்திருக்கும்மா" என்றாள். அண்ணி பதறிப்போய், "போன உடனேயே என்னடி பண்ணினே?" என்று கேட்டார். உண்மையில் வந்திருந்தது, வளாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பப்பட்ட சோதனைக் குறுஞ்செய்தி. ஆபத்துக் காலத்தில் இந்த எண்ணிலிருந்துதான் தகவல் வரும் என்று பழக்கப்படுத்துவதற்காக அது அனுப்பப்பட்டிருந்தது. அண்ணி தவறாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். 'எச்சரிக்கை' என்ற சொல் இன்றைய தமிழில் அப்படிப் புரிந்துகொள்வதற்கும் இடம் தருகிறது. ஆங்கிலத்தில் 'அலர்ட்' எனப்படும் இந்தச் செய்திக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

'அலர்ட்' இத்தாலிய மொழியில் பிறந்தது. அம்மொழியில் 'எர்த்தா' என்றால் மேட்டுச் சரிவு, உயர்ந்த காவலிடம். 'அல்லெர்த்தா' என்பது 'மேட்டில் நின்று கண்காணி' என்று காவலர்களுக்கு இடப்பட்ட குரல். அது பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் விழிப்பாக இருக்கும் நிலையைக் குறித்தது. பின்னர், பிறரை அந்நிலைக்குக் கொண்டுவரும் செய்திக்கும் பெயரானது. 'அலாரம்' என்ற சொல்லும் இத்தாலியப் படைமுகாமிலிருந்து வந்ததுதான். 'ஆயுதம் எடுங்கள்' என்பது அதன் மூலப்பொருள். மேட்டில் நின்று காப்பவனின் குரல் நமக்கு அயலானது அன்று. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி விரட்டியவர்களைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். அந்தப் பரணுக்கு 'இதணம்' என்றும் பெயர் இருந்தது. ஆனால் பரணிலிருந்து எழுந்த குரல் நம்மிடம் இந்தப் பொருளில் ஒரு பொதுச்சொல்லாக வளரவில்லை.

அந்த இடத்தை வேறு மூன்று சொற்கள் நிரப்பின. வீட்டு வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதுகிறோமே, அந்த 'ஜாக்கிரதை' விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. 'போலீசார் உஷார்' என்று செய்தித்தாள் தலைப்பிடும் 'உஷார்' பாரசீகத்தின் 'ஹோஷியார்'. நினைவோடும் தெளிவோடும் இருப்பவர் என்பது அதன் பொருள். மூன்றாவதான 'எச்சரிக்கை'க்குக் கன்னடத்தில் 'எச்சர', தெலுங்கில் 'ஹெச்சரிக' என்று உறவுகள் உண்டு. கன்னடத்தில் இன்றும் 'எச்சர' என்றால் விழிப்புதான். அரசன் அவைக்கு வரும்போதும் இறைவன் உலா எழுந்தருளும்போதும் கட்டியங்கூறுவோர் 'எச்சரிக்கை' என்று குரல் கொடுத்தது, கூடியிருந்தோரைக் கவனங்கொள்ளச் செய்வதற்காகவே. அதில் மிரட்டல் சிறிதும் இல்லை. மூன்று வெவ்வேறு மொழிகளின் வழியே தமிழுக்கு நெருங்கிவந்த மூன்று சொற்களும் 'தூங்காதே, விழித்திரு' என்ற ஒரே கருத்தில் வேர்கொண்டிருப்பதைக் கண்டபோது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாயின.

வேர் அப்படி இருந்தாலும் வழக்கு வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. காவல்துறை ஒருவரை 'எச்சரித்து அனுப்பியது' என்கிறோம். தலைமையாசிரியர் மாணவனை எச்சரிக்கிறார். நிலுவைத் தொகையைக் கட்டாதவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. இவற்றில் எல்லாம் கண்டிப்பும், மீறினால் வரப்போகும் தண்டனையும் உள்ளடங்கியிருக்கின்றன. வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கையில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. அதையும் இப்போது பலர் 'ரெட் அலர்ட்', 'ஆரஞ்சு அலர்ட்' என்றே எழுதுகிறார்கள்.

பல்கலைக்கழகச் செய்திக்கு ஏன் தனிச்சொல் வேண்டும் என்பதற்கு, அந்த ஏற்பாடு அமெரிக்காவில் பரவக் காரணமான நிகழ்வே விடை சொல்கிறது. 2007 ஏப்ரல் 16 காலை 7.15 அளவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டனர். வளாகம் முழுவதற்கும் முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. விடுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தது, காவல்துறை விசாரிக்கிறது, கவனமாக இருங்கள், சந்தேகத்துக்குரிய எதையும் கண்டால் தெரிவியுங்கள் என்பதே அதன் சாரம். வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்பது அதில் இல்லை. அடுத்த அரை மணி நேரத்துக்குள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் அதே கொலையாளி மேலும் முப்பது பேரைச் சுட்டுக் கொன்றான். 9.50-க்கு வந்த இரண்டாவது மின்னஞ்சல்தான் துப்பாக்கியுடன் ஒருவன் வளாகத்தில் திரிகிறான், கட்டடங்களுக்குள்ளேயே இருங்கள், சன்னல்களை விட்டு விலகி நில்லுங்கள் என்றது. முதலாவது நடந்ததைத் தெரிவித்தது. இரண்டாவது படிப்பவரை உடனே ஒரு செயலுக்கு எழுப்பியது. முதலாவதை 'அறிவிப்பு' என்று தாராளமாக அழைக்கலாம். இரண்டாவதற்கு அந்தப் பெயர் போதாது.

அமெரிக்கச் சட்டமும் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1986-ல் விடுதி அறையில் கொல்லப்பட்ட ஒரு மாணவியின் நினைவாகப் பெயரிடப்பட்ட கிளரி சட்டம் 1990-ல் நிறைவேறியது. 2008-ல் அது திருத்தப்பட்ட பிறகு, கல்வி நிறுவனங்களின் கடமைகளில் இரண்டு தனித்தனிப் பெயர்களால் சுட்டப்படுகின்றன. ஒரு குற்றம் நடந்துவிட்டது, அதே ஆபத்து தொடரக்கூடும் என்னும்போது தரப்படுவது ஒன்று. அதை 'உரிய நேர எச்சரிக்கை' எனலாம். ஆபத்து இப்போதே நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று உறுதியானவுடன், பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதையோ நிலைமையைக் கட்டுப்படுத்துவதையோ கெடுத்துவிடாது என்றால், தாமதமின்றித் தரப்படவேண்டியது மற்றொன்று. சட்டம் அதை 'அவசர அறிவிப்பு' என்கிறது. துப்பாக்கியேந்தியவன் மட்டுமன்றி, சூறாவளி, வாயுக்கசிவு போன்றவையும் இரண்டாவது வகைக்குள் அடங்கும். மாணவர் பேச்சில் அவ்வளவும் 'அலர்ட்'தான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஏற்பாட்டை 'பக்கை அலர்ட்' என்றும், வர்ஜீனியா டெக் 'விடி அலர்ட்ஸ்' என்றும் அழைக்கின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலோ 'வார்ன்மீ', அதாவது 'என்னை எச்சரி'.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'எச்சரிக்கை' என்று எழுதிவிட்டால் இந்தக் கோடு அழிந்துபோகும். நடந்து முடிந்த வழிப்பறியைப் பற்றிய செய்தியும், இந்த நொடியே கதவைப் பூட்டச் சொல்லும் செய்தியும் ஒரே பெயரில் வரும். ஆகவே 'அலர்ட்' என்ற பொதுப்பெயருக்கு 'விழிப்பூட்டல்' என்பதே தகும் என்று நான் கருதுகிறேன். இது என் ஆக்கம் அன்று. கணினி, கைப்பேசித் தமிழாக்கங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல். இத்தாலியக் காவலனின் குரலில் இருந்த பொருளும், நம் பழைய 'எச்சரிக்கை'யின் வேரில் இருந்த பொருளும் இதில் வெளிப்படையாகவே நிற்கின்றன. கண்டிப்பின் சாயல் இல்லை. 'விழிப்புணர்வு ஊட்டல்' என்பதோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கண் தானத்துக்கும் தலைக்கவசத்துக்கும் நடப்பது விழிப்புணர்வுப் பரப்புரை; அது மெல்ல மெல்லச் சேரும் அறிவு. விழிப்பூட்டலோ உறங்குபவரைத் தட்டி எழுப்புவது. முன்னால் 'அவசர' என்று சேர்த்து 'அவசர விழிப்பூட்டல்' என்றால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அந்த 'அவசர'த்தைப் பற்றியும் ஒரு சொல். வடமொழியில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, தக்க தருணம். விரைவு, நெருக்கடி என்ற பொருள்கள் அதற்குத் தமிழில் வலுப்பெற்றன. அவசர ஊர்தி, அவசர சிகிச்சை என்று எல்லோர் நாவிலும் பழகிவிட்டதால் அதை மாற்றத் தேவையில்லை. 'அவசரநிலை' என்று மட்டும் இங்கே எழுதாமல் இருப்பது நல்லது. இந்திய வாசகருக்கு அது 1975-ஐத்தான் நினைவூட்டும். 'வளாக அவசர விழிப்பூட்டல் குறுஞ்செய்தி' என்று முழுமையாக எழுதினால், அந்தத் தொடரிலேயே முதுமையான சொல் 'வளாகம்'. 'தெண்கடல் வளாகம்' என்று புறநானூறு கடல் சூழ்ந்த உலகையே அப்படிச் சொல்கிறது. 'கேம்பஸ்' இலத்தீனில் வெறும் வயல்வெளிதான். நம் சொல் அதனினும் பொருத்தமானது. குறுஞ்செய்திக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் குறுஞ்செய்தியின் குறுமை ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 அடங்கும்; யூனிகோடு தமிழென்றால் 70 தான். அந்த 70-லும் ஒவ்வொரு புள்ளியும் கொம்பும் காலும் தனியாகக் கணக்கிடப்படும். 'எச்சரிக்கை' நம் கணக்கில் ஆறு எழுத்து. கைப்பேசியின் கணக்கில் பத்து. 'விழிப்பூட்டல்' நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று. 2016 நவம்பர் 28 அன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செய்தி, தன் பெயர், ஆபத்தின் தன்மை, 'ஓடு, ஒளி, எதிர்த்து நில்' என்ற கட்டளை, கட்டடத்தின் பெயர், தெருச்சந்திப்பு ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ 90 எழுத்துகளுக்குள் அடக்கியது. அதைத் தமிழில் 'எச்சரிக்கை: வளாகத்தில் துப்பாக்கி ஏந்தியவர். ஓடு, ஒளி, எதிர்த்து நில்' என்று எழுதிப் பார்த்தேன். இடைவெளிகளையும் சேர்த்து 69 ஆகிவிட்டது. எந்தக் கட்டடம் என்று சொல்ல இடமில்லை. இடத்தைச் சேர்த்தால் செய்தி இரண்டு துண்டாகும். ஆகையால் பெயர்ச்சொல் வேறு, செய்தியின் முதற்சொல் வேறு என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்பாட்டின் பெயர் 'அவசர விழிப்பூட்டல்' ஆகட்டும். செய்தியோ எந்த முன்னொட்டும் இல்லாமல் நேரே ஆபத்திலும் இடத்திலும் தொடங்கட்டும்.

அந்த ஒஹாயோ செய்தியில் ஒரு பிழையும் இருந்தது. தாக்கியவன் காரை மோதியும் கத்தியாலும்தான் காயப்படுத்தினான். கேட்ட வெடியோசை அவனைச் சுட்ட காவலருடைய துப்பாக்கியின் ஓசை. ஆனாலும் அதைப் படித்தவர்கள் கதவை நாற்காலிகளால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஓர் அறிக்கையில் இது பெருங்குறை. விழிப்பூட்டலிலோ எழுந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முதற்கடமை அப்போதும் நிறைவேறியது.

இன்னொரு சொல் எஞ்சியிருக்கிறது. அன்று காலை 10 மணிக்குச் சற்று முன்னர் தொடங்கிய அடைபட்ட நிலை, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு மற்றொரு செய்தியால் விலக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஆல் கிளியர்' என்று பெயர். தமிழில் அதற்கென நிலைபெற்ற சொல் இல்லை. 'எச்சரிக்கை வாபஸ்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. வாபஸ் பெறப்படுவது எச்சரிக்கை. ஆனால் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் மாணவி அறிய விரும்புவது ஆபத்தைப் பற்றி. 'ஆபத்து நீங்கியது' என்றால் கைப்பேசிக் கணக்கில் பதினாறு எழுத்துகள். மீதி 54-இல் எந்த வாயில் வழியாக வெளியே வரலாம் என்பதையும் சொல்லிவிடலாம்.