குட்டை நெல்லின் பசி

டெல்லியில் கரோல் பாக் பக்கம் குடியிருப்பதால் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்து நெல் வயல்கள் எனக்கு அருகில்தான். ஐப்பசியில் பார்த்தால் கதிர் கனத்துத் தொங்கும். பயிர் இடுப்பளவுதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா காலத்து நெல் ஆளுயரம் வளருமாம். யூரியா சற்றுக் கூடினாலும் மளமளவென்று உயர்ந்து, கதிர் முற்றும்போது ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும்.

1966இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. தைவான் நாட்டுக் குட்டை ரகம் ஒன்றிலிருந்து அதற்கு வந்த எஸ்டி1 மரபணு, ஒரு துண்டு அறுந்துபோன மரபணு. தண்டை நீட்டும் ஜிப்பரெல்லின் ஹார்மோனைத் தயாரிக்க உதவும் நொதி அதனால் சரியாக உருவாகாது. ஹார்மோன் குறைய, பயிர் குட்டையாகிறது. உரம் போட்டாலும் எளிதில் சாயாது.

ஆனால் ஜிப்பரெல்லின் இன்னொரு வேலையும் செய்கிறது. டெல்லா என்ற புரதம் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும். ஜிப்பரெல்லின் வந்தால் அந்தப் புரதம் சிதையும். குட்டை நெல்லில் ஹார்மோன் போதாததால் டெல்லா குவிந்துவிடுகிறது. தண்டை மட்டும் அடக்கினால் பரவாயில்லை. தழைச்சத்தின் (நைட்ரஜனின்) ஒரு வடிவமான அமோனியத்தை வேர் உறிஞ்சுவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ஜிஆர்எஃப்4 புரதத்தின் கையையும் அது கட்டிப்போடுகிறது. அதனால் மண்ணில் தழைச்சத்து இருந்தும் பயிர் முழுதாக எடுப்பதில்லை. நாம் மேலும் யூரியாவைக் கொட்டுகிறோம். பயிர் எடுக்காதது அமோனியாவாகக் காற்றில் போகிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு வலியது.

2018இல் சீன ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். சாதாரண நெல்லில் ஜிஆர்எஃப்4 புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ செய்தியைக் குட்டி ஆர்என்ஏ ஒன்று வெட்டிக் குறைக்கும். அந்த மரபணுவின் இயற்கையாகவே அமைந்த ஒரு வடிவத்தில் வெட்டும் இடத்து மரபு எழுத்துகள் மாறியிருப்பதால் செய்தி தப்பித்து, புரதம் கூடுகிறது. அதைக் குட்டை நெல்லோடு கலப்பினம் செய்தபோது தழைச்சத்து உறிஞ்சுதல் உயர்ந்தது. பயிர் குட்டையாகவே நின்றது. இதற்கு வெளி மரபணு எதுவும் தேவைப்படவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் 2021இல் டிசிபி19 என்ற மரபணு தெரியவந்தது. தழைச்சத்துக்கு ஏற்பத் தூர் வெடிப்பதை, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளம்புவதை, கட்டுப்படுத்துவது அது. குறைந்த உரத்திலும் கைகொடுக்கும் அதன் வடிவம் வளம் குன்றிய மண்ணின் பழைய நாட்டு ரகங்களில் நிறைய இருக்கிறது. உரம் கொட்டி வளர்த்த சீனத்து நவீன ரகங்களிலோ பெரும்பாலும் தொலைந்துவிட்டது. நிறைய உரம் போட்ட பாத்தியில் எல்லாப் பயிரும் செழிப்பாகத்தான் தெரியும். அங்கே விதை பொறுக்கினால் இந்த மரபணு கண்ணில் படாது. யூரியா குறைத்த பாத்தியிலும் விதைத்து, அங்கே நிமிர்ந்து நிற்பதைத்தான் அடுத்த தலைமுறைக்கு எடுக்க வேண்டும்.