கார்டில் இரண்டு கோடு வந்தாச்சு, கரு எங்கே இருக்கிறது?

நாள் தள்ளிப்போய், மெடிக்கலில் வாங்கிய கார்டில் இரண்டு கோடு விழுந்தால் கரு உண்டாகியிருக்கிறது. எந்த இடத்தில் என்று கார்டு சொல்லாது. கர்ப்பப்பைக்குள் உரிய இடத்தை விட்டு வேறெங்கோ தங்குவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் கருக்குழாயில்தான். மீதிச் சிலருக்குக் குழாய் கர்ப்பப்பைக்குள் நுழையும் மூலையிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ, கர்ப்பப்பை வாயிலோ, சினைப்பையிலோ, அரிதாக வயிற்றறையிலோ கரு ஒட்டிக்கொள்கிறது. எண்ணிக்கை குறைவு, ரத்தச் சேதம் அதிகம். ஒன்று கருச்சிதைவு போலத் தெரியும், இன்னொன்று நல்ல கர்ப்பமாகவே தெரியும்.

இதில் பெரிய ஏமாற்றுக்காரன் கருக்கலைப்பு மாத்திரை. பனியன் கம்பெனிக்கு லீவு போட முடியாது, வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறார்கள். மிஃபிப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. குழாயில் நிற்கும் கருவை இவை வெளியேற்றாது. ஆனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு கழன்று ரத்தம் போகும். "சரியாப் போச்சுங்க" என்று வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அடிவயிற்று வலி, தலைசுற்றல், பாத்ரூமில் மயக்கம் எல்லாம் பிறகு வரும். தோள்பட்டை வலியை வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணி குடிப்பவர்கள் உண்டு. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நாள் தள்ளிய பெண்ணுக்குத் தோள் வலித்து மயக்கமும் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு வாரத்தை ஒட்டிப் பிறப்புறுப்பு வழியே பார்க்கும் ஓர் உள் ஸ்கேன் போதும், பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். "மேலாலயே வெச்சுப் பாத்துருங்" என்பார்கள். மேல் ஸ்கேனில் இந்த அளவுக் கரு தெளிவாகத் தெரியாது; உள் ஸ்கேனால் கருவுக்குக் கெடுதி இல்லை. கர்ப்பப்பைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஈரோட்டில் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று என்று இரண்டு லேபில் எடுத்தால் எண்களை ஒப்பிடவே முடியாது. ஒரே லேப் வேண்டும். முதல் அளவு 1500-க்குக் கீழே இருந்தால், வளரும் கர்ப்பத்தில் அது குறைந்தது 49 சதவீதமாவது ஏறும். ஏறிவிட்டது என்பதாலேயே இடம் சரி என்றும் ஆகாது. அளவு 3500-ஐத் தாண்டியும் உள்ளே கரு வளரும் பை தெரியாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

சிசேரியன் தழும்பில் ஒட்டும் கருவை ஆறேழு வாரத்தில் பிடிப்பது எளிது. கர்ப்பப்பையின் உள்ளறை காலி, வாய்ப்பாதை காலி, முன்சுவரின் கீழ்ப்பகுதியில் தழும்புப் பள்ளத்தில் கருவின் பை. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே தசை சில மில்லிமீட்டர்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இராது. அந்தத் தடிமனை அளந்து அறிக்கையில் எழுத வேண்டும். ஒன்பது, பத்து வாரமானால் கருவின் பை மேல்நோக்கி வளர்ந்து, பார்ப்பவருக்குச் சாதாரணக் கர்ப்பமாகிவிடும். கலைந்து இறங்கும் கருவோடும் இதைக் குழப்புவார்கள். ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்தினால் இறங்கும் கரு வழுக்கி நகரும், சுற்றிலும் ரத்த ஓட்டம் இராது. தழும்பில் ஒட்டியது நகராது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சுற்றிலும் ஓட்டம் தெரியும்.

இது தெரியாமல் டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போனால்தான் வினை. கர்ப்பப்பைத் தசை சுருங்கி ரத்தக்குழாயை நெரிப்பதால்தான் ரத்தம் நிற்கிறது. தழும்புத் திசு சுருங்காது. ஆகவே ஸ்கேனில் பார்த்தபடி உறிஞ்சி எடுப்பது, உள்ளே ஊதி அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் ஃபோலி பலூனைக் கையருகே வைத்துக்கொள்வது, சிறுநீர்ப்பைப் பக்கம் புடைத்திருந்தால் லேப்ராஸ்கோப்பியில் எடுத்துச் சுவரைத் தைப்பது என்று ஆளைப் பார்த்து வழி மாறும். கரு வளர்வதை நிறுத்தத் தசையில் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசியை மட்டும் நம்புவது இங்கே சரிவராது. கர்ப்பத்தைத் தொடரக் கேட்பவர்களிடம் நஞ்சுக்கொடி சுவருக்குள் வேரோடும், கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மூலைக் கர்ப்பம் வேறு வகை. சுற்றிலும் தசை இருப்பதால் சாதாரணக் குழாய்க் கர்ப்பத்தைவிடப் பல வாரம் தாங்கும். வெடித்தால், கர்ப்பப்பைத் தமனியும் சினைப்பைத் தமனியும் சேரும் இடம் என்பதால் ரத்தம் கொட்டும். கருவின் பையைச் சுற்றிய தசை 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, உள்சவ்விலிருந்து கருவின் பை வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு: இவை அடையாளம். உள்ளறையின் ஓரத்திலேயே தங்கிய கருவை மூலைக் கர்ப்பம் என்று முடிவுகட்டிக் கலைத்துவிடக் கூடாது, அது பிரசவம் வரை போகக்கூடியது. சந்தேகமிருந்தால் 3டி ஸ்கேன் எடுக்கலாம். அறுவைக்கு முன், ரத்தக்குழாயைச் சுருக்கும் வாசோபிரசின் மருந்து 20 யூனிட்டை 100 மில்லி சலைனில் கலந்து தசைக்குள் செலுத்துவது வழக்கம். ஊசி ரத்தக்குழாயில் இல்லை என்று இழுத்துப் பார்த்து, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் செலுத்த வேண்டும்.

வாய்ப்பகுதிக் கர்ப்பத்துக்கும் டி அண்ட் சி எச்சரிக்கை அப்படியே பொருந்தும். சினைப்பைக் கர்ப்பத்தைக் கட்டி வெடித்தது என்று நினைத்து வயிற்றைத் திறந்த பிறகே பல சமயம் தெரிகிறது. காப்பர் டி இருந்தும் கர்ப்பமானால் இதை நினைக்க வேண்டும்.

ஈரோடு, கோவையில் ஐ.வி.எஃப். செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஒரு கரு, குழாயில் இன்னொன்று என இரண்டும் சேர்ந்து வரலாம். உள்ளே துடிப்பைப் பார்த்ததும் ஸ்கேனை முடித்துவிடாமல் இரு பக்கமும் பார்க்க வேண்டும். இங்கே எச்.சி.ஜி. உதவாது, மெத்தோட்ரெக்சேட்டும் கூடாது.

மெத்தோட்ரெக்சேட் போடத் தகுந்தவர்களுக்கு உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம், 1.5 சதுர மீட்டர் என்றால் 75. முன்னதாக ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை. நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே எச்.சி.ஜி. 15 சதவீதமாவது இறங்க வேண்டும். ஃபோலிக் ஆசிடும், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் நிறுத்தம். கொள்ளு, மொச்சையும் கொஞ்ச நாள் வேண்டாம்: வாய்வு வலியா, வெடிக்கும் வலியா என்று பிரிக்க முடியாமல் போகும். வால்பாறைக்காரர்கள் ஊசி போட்ட கையோடு மலையேறக் கூடாது. 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் நிலைமை கைமீறலாம். எச்.சி.ஜி. நன்றாக இறங்கும்வரை பொள்ளாச்சியிலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி டி ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கரு எந்த இடத்தில் இருந்தது, எப்படி எடுத்தார்கள், சுவரைத் தைத்தார்களா என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலையை வெட்டித் தைத்தவர்களுக்கு அடுத்த பிரசவம் பெரும்பாலும் வலி வருமுன் சிசேரியன்தான். அதை அப்போதைய மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.