பேருந்து நிலையத்தைக் கேட்டால் நவீன உலகத்தை எழுதாதீர்கள்

இந்தப் பருவத் தேர்வில் முதலாண்டு மாணவர்களிடம் ஆங்கிலத் தாளில் கேட்ட கேள்வி எளிதானது: உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒரு பத்தியில் வர்ணிக்கவும். திருத்த வந்த விடைத்தாள் கட்டில் பாதிக்கு மேற்பட்ட விடைகள் 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கின. அடுத்த வரியில் போக்குவரத்தின் முக்கியத்துவம், அதற்கடுத்து காற்று மாசு. டீக்கடை இல்லை, நடைமேடை இல்லை, ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றும் நடத்துநர் இல்லை. தென்னை மரத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, பசுவைக் கொண்டுவந்து அந்த மரத்தில் கட்டிவிட்டுப் பசுவைப் பற்றியே எழுதிய மாணவனின் கதையைச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. இப்போது அவன் தனியாள் இல்லை; ஒரு வகுப்பே அவனாகிவிட்டது.

பத்தியில் வகைகள் உண்டு என்பது இவர்களுக்குத் தெரியும். கதை சொல்வது, வர்ணிப்பது, செய்முறை சொல்வது, ஒப்பிடுவது, காரணம் காட்டுவது, வாதிடுவது என்று கைடில் இருக்கும் பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் வகை என்றால் ஒரு தொடக்க வாக்கியம் என்றே பலர் நம்புகிறார்கள். வகைக்கு ஒரு தொடக்கம், நடுவில் ஒரு 'மோர்ஓவர்', ஒரு 'ஃபர்தர்மோர்', கடைசியில் 'டு கன்க்ளூட்'. இடையில் தலைப்பை மட்டும் மாற்றிச் செருகிவிட்டால் பத்தி தயார் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நாம்தான், ஆசிரியர்கள்தான். பொதுத் தேர்வில் தேர்ச்சி விகிதம் காட்ட மாதிரிப் பத்திகளை உருப்போட வைத்தோம். கல்லூரிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. உருப்போட்ட பத்தியில் பிழை குறைவாக இருக்கும் என்பதும் உண்மைதான். அதனால்தான் இது இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லையே, அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேட்பவருக்கு என்ன தேவை என்பதிலிருந்துதான் பத்தியின் வகை பிறக்கிறது. அதே பேருந்து நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். வர்ணிக்கச் சொன்னால், வாசலில் நின்று கண் போகும் வரிசையில் எழுதுங்கள்: பூக்கடை, நேரப் பலகை, நடைமேடைகள், கடைசியில் மூக்கைப் பொத்த வைக்கும் கழிப்பறை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட இரவைச் சொல்வதென்றால் காலம்தான் வரிசை. இறந்தகாலத்தில் தொடங்கினால் இறந்தகாலத்திலேயே முடியுங்கள். வாய்மொழியில் நாம் கதை சொல்லும்போது 'போனேன், பார்த்தால் அவன் நிற்கிறான்' என்று தாவுவோம். அந்தத் தாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஊருக்குப் புதிதாக வருபவர் சரியான பேருந்தைப் பிடிப்பது எப்படி என்றால் அது செய்முறை. படிகளை முன்பின் மாற்றினால் ஆள் வேறு ஊரில் போய் இறங்குவார்.

ஒப்பீட்டுக்கும் வாதத்துக்கும் சென்னைப் புறநகரிலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 2023 டிசம்பர் இறுதியில் அந்த முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள் என்றால் ஒன்றை முழுதாகச் சொல்லி மற்றதற்கு வரலாம். அல்லது தூரம், இடவசதி, உள்ளூர் இணைப்பு என்று ஒவ்வொரு கூறாக இரண்டையும் எடை போடலாம். பாதியில் முறையை மாற்றக் கூடாது. மாற்றியது ஏன் என்றால் காரணப் பத்தி: நகருக்குள் நெரிசல். மாற்றியது சரியா என்றால் வாதம். தாம்பரத்துக்காரரும் வடசென்னைக்காரரும் இதற்கு ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று ஒரு வரியாவது எழுதிவிட்டு அதற்குப் பதில் சொல்லாத வாதத்தை நான் வாதமாக எடுத்துக்கொள்வதில்லை.

காரணப் பத்தியில் ஒரு தொல்லை. 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'சோ' போடாதீர்கள். 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம். ஒன்று போதும்.

பத்தியின் முதல் வரியிலேயே கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற விதியைப் பற்றியும் கேட்கிறார்கள். 1866இல் அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் பத்திக்கு இலக்கணம் வகுத்தபோது எழுதியதிலிருந்து வழிவழியாக வருவது அது. 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதழ்க் கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். 13 சதவீதப் பத்திகளே அப்படித் தொடங்கின. ஆகவே அது தேர்ந்தவர்களைக் கட்டும் சட்டம் இல்லை. ஆனால் கற்கும் காலத்தில் அதைக் கைவிடாதீர்கள். பாதை தவறாமல் இருக்க உதவும்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், குறிப்பாக வெளிநாடு செல்லக் காத்திருக்கும் செவிலியர்களுக்கு. அகாடமிக் பிரிவின் எழுத்துத் தாளில் முதல் பணி, வரைபடத்தைப் பார்த்துக் குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. அங்கே உங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை. கோடு ஏன் ஏறியது என்று ஊகிக்காதீர்கள். ஏறியது என்று எழுதுங்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டாம் பணி குறைந்தது 250 சொல் கட்டுரை. கருத்தை அங்கே சொல்லுங்கள். மதிப்பெண்ணில் அதற்கு இருமடங்கு எடை. முழுக்க மனப்பாடம் என்று உறுதியானால் பூஜ்ஜியம் என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி 'எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் பத்தி' வாங்கி வராதீர்கள், தயவுசெய்து.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கேள்வியில் வர்ணி, விளக்கு, ஒப்பிடு, வாதிடு என்று என்ன வினைச்சொல் இருக்கிறதோ அதற்கு அடிக்கோடு இடுங்கள். உங்கள் கண்ணால் பார்த்த மூன்று விவரங்களைத் தமிழிலேயே ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகு ஆங்கிலத்தில் தொடங்குங்கள். கைப்பேசிச் செயலியிடம் எழுதி வாங்காதீர்கள். அதற்கு உங்கள் ஊர் டீக்கடையைத் தெரியாது. அகராதியில் நேற்றுப் பார்த்த கடினச் சொல்லை இன்றே திணிக்காதீர்கள். எழுதி முடித்ததும் முதல் வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். எதைப் பற்றியது என்று தெரியவில்லையா? அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வரைவில் ஆங்கிலத்தின் 'எ', 'தி' பிழைகளைச் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இலக்கணத்தை இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.